சின்ன நாய்க்குத் தடுப்பூசி: எதை விடக்கூடாது, எதைப் பிரித்துப் போடலாம்

இரண்டு கிலோ சிவாவாவுக்கும் ஐம்பது கிலோ மாஸ்டிஃபுக்கும் அதே ஒரு மில்லி தடுப்பூசிதான் ஏறுகிறது. சின்ன இன நாய் வளர்ப்பவர்களை முதலில் உறுத்துவது இதுதான். பூச்சி மருந்தை எடை பார்த்து அளக்கிறோம், மாத்திரையைக் கால் பங்காக உடைத்துக் கொடுக்கிறோம். ஊசிக்கு மட்டும் ஏன் எல்லோருக்கும் ஒரே அளவு? கேள்வி நியாயமானதுதான். ஆனால் அதிலிருந்து பலர் போய்ச் சேரும் "பாதி ஊசி போதும்" என்ற முடிவு சரியில்லை.

மாத்திரை ரத்தத்தில் கலந்து உடம்பெங்கும் பரவ வேண்டும், அதனால் எடைக் கணக்கு. தடுப்பூசிக்கு அந்த வேலை இல்லை. குத்திய இடத்திலும் பக்கத்து நிணநீர்க் கணுவிலும் உள்ள எதிர்ப்புச் செல்களை உசுப்பிவிட்டால் போதும். உசுப்புவதற்கு ஒரு குறைந்தபட்ச அளவு தேவை, அதற்குக் கீழே போனால் ஊசி போட்டும் போடாத நிலைதான். குடலைத் தாக்கும் பார்வோ, மூச்சையும் நரம்பையும் தாக்கும் டிஸ்டெம்பர் ஆகிய நோய்களுக்கான ஊசிகளில் இருப்பது வீரியம் குறைக்கப்பட்ட உயிருள்ள வைரஸ். அது உள்ளே போய்ப் பெருகித்தான் எதிர்ப்பாற்றலை உண்டாக்குகிறது. ரேபிஸ் ஊசியைப் பாதியாகப் போட்டால் லேபிளில் சொன்ன அளவு போகவில்லை, எனவே சட்டத்தின் பார்வையில் அந்த நாய் ஊசி போடாத நாய். டாக்டரிடம் பாதி அளவு கேட்பதை விட, அரை மில்லியில் வரும் தயாரிப்பு இருக்கிறதா என்று கேட்பது உருப்படியான கேள்வி. சில நிறுவனங்கள் முழு அளவையே அரை மில்லிக்குள் அடக்கி விற்கின்றன.

சின்ன உடம்புக்குச் சிக்கல் தருவது பெரும்பாலும் வைரஸ் அல்ல, ஊசியில் கூடவே வரும் மற்றவை. வைரஸை ஆய்வகத்தில் வளர்க்கக் கன்றின் ரத்தச் சீரம் பயன்படுகிறது, அதன் புரதம் கொஞ்சம் மிஞ்சும். கெடாமல் இருக்க ஜெலட்டின் போன்றவை சேர்க்கிறார்கள். கொன்ற கிருமியை வைத்துச் செய்யும் ரேபிஸ் ஊசியில் எதிர்வினையைத் தூண்டும் துணைப்பொருள் இருப்பது வழக்கம். ஊசிக்குப் பின் ஒவ்வாமை வந்த நாய்களின் ரத்தத்தைப் பார்த்த ஜப்பானிய ஆய்வாளர்கள், மாட்டுச் சீரப் புரதத்துக்கு எதிரான ஒவ்வாமை ஆன்டிபாடி அவற்றில் இருப்பதைக் கண்டார்கள். ஒரே நாளில் மூன்று ஊசி போட்டால் இந்த உபரிப் புரதமும் மூன்று பங்கு. ஐம்பது கிலோ நாய்க்கு அது ஒன்றுமில்லை, இரண்டு கிலோ நாய்க்கு அப்படியில்லை.

இதற்கு எண்களும் உண்டு. அமெரிக்காவில் 12 லட்சத்துக்கு மேற்பட்ட நாய்களின் பதிவுகளை அலசி 2005-இல் வெளியான ஆய்வு, ஊசிக்குப் பின் மூன்று நாளுக்குள் வந்த பக்கவிளைவுகளைக் கணக்கிட்டது. பத்தாயிரம் நாய்க்கு சுமார் 38. எடை குறையக் குறைய ஆபத்து ஏறியது. பத்து கிலோவும் அதற்குக் கீழும் உள்ள நாய்களுக்கு, ஒரே வருகையில் கூடுதலாகப் போட்ட ஒவ்வொரு ஊசிக்கும் ஆபத்து 27 சதவீதம் கூடியது. அதற்கு மேல் எடையுள்ளவற்றுக்கு 12 சதவீதம்தான். டாஷண்ட், பக், பாஸ்டன் டெரியர், மினியேச்சர் பின்ஷர், சிவாவா ஆகியவை பட்டியலின் மேலே நின்றன. முதலிடத்தில் இருந்த டாஷண்டுக்கே நூற்றுக்கு ஒன்றைச் சற்றுத் தாண்டும் கணக்குதான், அதிலும் பெரும்பாலானவை முகவீக்கம், தடிப்பு, வாந்தி போன்றவை. 40 லட்சத்துக்கும் மேற்பட்ட நாய்களை வைத்து 2023-இல் வந்த ஆய்வில் மொத்த விகிதம் கிட்டத்தட்டப் பாதியாக இருந்தது.

அந்தப் பழைய ஆய்வில் அதிகம் பேசப்படாத ஒரு விவரம் உண்டு. ஆபத்து மிகுந்திருந்தது சின்னக் குட்டிகளிடம் அல்ல, ஒன்றிலிருந்து மூன்று வயது வரையிலான நாய்களிடம். ஒவ்வாமைக்கு முதலில் அறிமுகம் தேவை, பிறகுதான் அது வெடிக்கும். குட்டிப் பருவத்தில் நான்கு ஊசியையும் அசராமல் வாங்கிக்கொண்ட நாய், ஒரு வயதில் எல்லாவற்றையும் ஒரே நாளில் போடும்போது முகம் வீங்கி நிற்பது இதனால்தான். "இதுவரை ஒன்றும் ஆனதில்லையே" என்பது தைரியம் கொள்ள ஒரு காரணம், கவனிக்காமல் விடுவதற்குக் காரணமில்லை.

தராசின் மறுதட்டில் இருப்பவை அற்ப நோய்கள் அல்ல. பார்வோ வந்த குட்டி ரத்தமாகக் கழியும், ஓயாமல் வாந்தி எடுக்கும். பெரிய இனக் குட்டிக்கு அதைத் தாங்க ஓரிரு நாள் இருக்கும். எண்ணூறு கிராம் குட்டிக்கு உடம்பில் கொழுப்பும் இல்லை, ஈரலில் சர்க்கரைச் சேமிப்பும் இல்லை. காலையில் சோர்ந்தது மாலைக்குள் சர்க்கரை இறங்கி வலிப்பில் போய்விடும். சிகிச்சை தராமல் விட்டால் பத்தில் ஒன்பது வரை சாகும் நோய் அது. "எங்கள் நாய் வாசல் தாண்டாது" என்ற வாதம் பார்வோ முன் எடுபடாது. வைரஸ் செருப்பின் அடியில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வரும், மண்ணில் ஓராண்டுகூடத் தாங்கும், தரை துடைக்கும் சாதாரண திரவங்களுக்கு அசையாது. வீட்டு பிளீச்சை முப்பது பங்கு தண்ணீரில் கலந்து, அழுக்கை முதலில் கழுவிவிட்டு, பத்து நிமிடம் ஊற விட்டால்தான் சாகும்.

டிஸ்டெம்பர் காற்றில் வரும். பிழைத்த நாய்க்கும் தாடையோ காலோ ஆயுள் முழுக்க வெட்டி வெட்டி இழுக்கும். ரேபிஸில் கணக்குப் போட எதுவும் இல்லை: அறிகுறி தெரிந்த பிறகு நாயும் பிழைக்காது, கடிபட்ட மனிதரும் அநேகமாகப் பிழைக்க மாட்டார். அதோடு, ஊசிப் பதிவு இல்லாத நாய் சந்தேகத்துக்குரிய விலங்கிடம் கடிபட்டால், பல நாடுகளில் அதை மாதக்கணக்கில் தனிமைப்படுத்துவார்கள் அல்லது கருணைக்கொலை செய்வார்கள்.

ஆகவே முடிவெடுக்க வேண்டியது போடுவதா வேண்டாமா என்று அல்ல. எவை, ஒரு நாளில் எத்தனை, எந்த இடைவெளியில் என்பதுதான். உலகச் சிறுபிராணிக் கால்நடை மருத்துவர் சங்கத்தின் 2024 வழிகாட்டுதலில் டிஸ்டெம்பர், அடினோ (ஈரலைத் தாக்கும் வைரஸ்), பார்வோ மூன்றும் எந்த நாய்க்கும் கட்டாயம். ரேபிஸ் உள்ள பகுதிகளில் அதுவும், எலிக்காய்ச்சல் எனப்படும் லெப்டோ உள்ள பகுதிகளில் அதுவும் கட்டாயப் பட்டியலில் சேரும். கென்னல் இருமலுக்கான போர்டெடெல்லா, நாய் விடுதி, க்ரூமிங் கடை, பயிற்சி வகுப்பு என்று பல நாய்களோடு பழகுபவற்றுக்கு. நாய்களின் குடல் கொரோனாவுக்கான ஊசியை அந்தச் சங்கம் பரிந்துரைப்பதே இல்லை. ஆனாலும் "ஒன்பது நோய்க்கு ஒரே ஊசி" என்று விற்கும் கூட்டுத் தயாரிப்புகளில் அது ஒட்டிக்கொண்டு வருகிறது. சின்ன நாய்க்கு அப்படிப்பட்டதைத் தவிர்க்கலாம். எண்ணிக்கை பெரிதாக இருப்பதால் நல்ல ஊசி என்று அர்த்தமில்லை.

பிரித்துப் போடச் சொல்லும்போது பெரும்பாலும் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு. கூட்டு ஊசி இரண்டு குப்பிகளாக வரும். ஒன்றில் வெள்ளை வில்லை போல உறைந்த தூள், அதுதான் டிஸ்டெம்பர், அடினோ, பார்வோ. மற்றதில் தூளைக் கரைக்கும் திரவம். பல தயாரிப்புகளில் அந்தத் திரவம் வெறும் தண்ணீர் அல்ல, அதுவே லெப்டோ ஊசி. "லெப்டோவைத் தனியாகப் போடலாம்" என்று டாக்டரிடம் பேசி முடித்த பிறகும், உதவியாளர் வழக்கம்போல இரண்டையும் கலந்து இழுத்துவிடுவார். கரைக்கும் முன் இரண்டு குப்பிகளின் லேபிளையும் காட்டச் சொல்லுங்கள். லெப்டோவைப் பிரிப்பதானால் தூளைக் கிருமி நீக்கிய நீரில்தான் கரைக்க வேண்டும். கரைத்து வைத்து வெகுநேரம் ஆன ஊசியும் வேண்டாம், கண்முன்னே கரைத்து உடனே போடுவதே சரி. குளிர்பெட்டியில் 2 முதல் 8 டிகிரிக்குள் இல்லாத ஊசியால் பக்கவிளைவு வருவதைவிட, எந்த விளைவும் இல்லாமல் போகும் வாய்ப்புதான் அதிகம். பார்வோ வந்த பிறகே அது தெரியவரும்.

குட்டிக்கான கால அட்டவணையை இப்படிப் பிரிக்கலாம். எட்டாவது வாரம் மூன்று வைரஸ் ஊசி, பன்னிரண்டில் மறுபடி, பதினாறில் மறுபடி. இடையில் பதினான்காவது வாரம் ரேபிஸ் தனியாக. லெப்டோ இரண்டு தவணை, இரண்டிலிருந்து நான்கு வார இடைவெளியில், பதினெட்டு வாரத்துக்குப் பிறகு. எலி நடமாட்டம் உள்ள வீடு, தேங்கிய தண்ணீர் உள்ள தெரு என்றால் லெப்டோவை இவ்வளவு தள்ளக்கூடாது. எட்டு வாரம் முடிந்ததுமே தொடங்கலாம் என்பதால் நடுவில் உள்ள பத்தாவது வாரத்தில் தொடங்குவது பற்றி டாக்டரிடம் பேசலாம், ஆனால் இரு தவணைக்கும் நடுவே நான்கு வாரத்துக்கு மேல் விடாதீர்கள். பார்வோ பரவிக் கிடக்கும் பகுதியானால் வைரஸ் ஊசியையும் ஆறாவது வாரத்திலிருந்தே தொடங்குவார்கள்.

பதினாறாவது வார ஊசியை "ஏற்கெனவே இரண்டு போட்டாச்சு" என்று விடுவதுதான் வீடுகளில் நடக்கும் பெரிய தவறு. தாய்ப்பாலில் வந்த ஆன்டிபாடி குட்டியைக் காப்பாற்றும், அதே ஆன்டிபாடி ஊசியில் உள்ள வைரஸையும் அடித்துப் போட்டுவிடும். அது எந்த வாரம் வடியும் என்பது குட்டிக்குக் குட்டி வேறுபடும். முதல் இரண்டும் வீணாகி மூன்றாவது மட்டும் பிடித்த குட்டிகள் ஏராளம். அந்த மூன்றாவதும் பிடிக்காத சிலவற்றுக்காகத்தான் இப்போது ஆறு மாத வாக்கில் இன்னொன்று போடச் சொல்கிறார்கள். முன்பு அதை ஒரு வயதில் போடுவார்கள். அதுவரை காத்திருந்தால் பிடிக்காத குட்டி எட்டு மாதம் வெறுங்கையோடு நிற்கும்.

பிரித்துப் போடுவதிலும் ஒரு விதி: இரண்டு உயிருள்ள ஊசிகளுக்கு நடுவே குறைந்தது இரண்டு வாரம். நான்கு நாள் இடைவெளியில் போட்டால் முதல் ஊசி கிளப்பிய எதிர்ப்பு இரண்டாவதைக் கெடுத்துவிடக்கூடும். பிரிப்பதற்கு விலையும் உண்டு. கிளினிக்குக்குப் போகும் தடவை கூடும், அங்கே நோயாளி நாய்கள் நடந்த தரையில் குட்டியை விட நேரும் வாய்ப்பும் கூடும். மடியிலேயே வைத்திருங்கள், தரையில் இறக்க வேண்டாம். அலைச்சலில் இரண்டாவது ஊசி மறந்தே போகும் வீடுகளுக்கு, பிரிப்பதைவிட ஒன்றாகப் போட்டுவிடுவதே நல்லது.

வளர்ந்த பிறகு டிஸ்டெம்பர், அடினோ, பார்வோவை மூன்று ஆண்டுக்கு ஒரு முறைக்கு மேல் போடத் தேவையில்லை. வருடாவருடம் எல்லாவற்றையும் போடும் பழக்கம் இன்னும் பல இடங்களில் ஓடுகிறது. சின்ன நாய்க்கு ஆபத்தைக் குறைக்க மிக எளிய வழி இந்த ஒன்றை மாற்றுவதுதான். ரேபிஸ் இடைவெளியைச் சட்டமும் லேபிளும் தீர்மானிக்கும். லெப்டோவின் பாதுகாப்பு ஓராண்டுதான், அதை ஆண்டுதோறும் போட்டே ஆக வேண்டும். மூன்று வைரஸ்களுக்கு டைட்டர் என்ற ரத்தப் பரிசோதனை செய்து, ஆன்டிபாடி இருந்தால் ஊசியைத் தள்ளிவைக்கலாம். குட்டியானால் கடைசி ஊசிக்கு நான்கு வாரம் கழித்து இந்தப் பரிசோதனை பயன் தரும். லெப்டோவுக்கு டைட்டர் எதையும் சொல்லாது. ரேபிஸ் டைட்டர் எல்லை கடக்கும் பயணத்துக்குக் கேட்கப்படும், பொதுவாக ஊசிக்கு மாற்றாக ஏற்கப்படாது.

ஊசி நாளைத் தேர்ந்தெடுப்பதிலேயே பாதி வேலை முடிந்துவிடும். காலை நேரம், வார நாள். மாலை கடைசி ஆளாகப் போய் ஊசி போட்டுவிட்டு வந்தால், இரவு ஒன்பது மணிக்கு முகம் வீங்கும்போது கிளினிக் பூட்டியிருக்கும். அன்று குளிப்பாட்டல், புது உணவு, புது உண்ணி மாத்திரை எதுவும் வேண்டாம், பிறகு எது ஒத்துக்கொள்ளவில்லை என்று பிரித்தறிய முடியாது. குட்டியை வெறும் வயிற்றோடு கொண்டுபோகாதீர்கள். ஒரு கிலோவுக்குக் கீழுள்ளது மூன்று நான்கு மணி நேரம் சாப்பிடாமல் இருந்தாலே தள்ளாடும். சிறிது ஊட்டிவிட்டு, தேனோ குளுக்கோஸோ கையில் வைத்துக்கொள்ளுங்கள். தள்ளாடினால் ஈறில் தடவினால் போதும், வாயில் ஊற்றினால் புரையேறும். டாக்டர் ஊசிக்கு முன் வெப்பநிலை பார்க்க வேண்டும். 39.2 டிகிரி வரை இயல்பு. காய்ச்சலோ கழிச்சலோ இருந்தால் அன்று ஊசி கிடையாது, வற்புறுத்தவும் வேண்டாம்.

கிளம்பும் முன் வீட்டில் இரண்டு காரியம் செய்து வையுங்கள். முகத்தை நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என போட்டோ எடுங்கள். பக், ஷி ட்ஸு போன்ற மடிப்பும் முடியும் நிறைந்த முகத்தில் லேசான வீக்கம் நினைவை வைத்துச் சொன்னால் தெரியாது, பழைய படத்தோடு ஒப்பிட்டால் உடனே தெரியும். அடுத்து, மேலுதட்டைத் தூக்கி ஈறை விரலால் அழுத்தி விடுங்கள். வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் மறுபடி சிவக்க வேண்டும். உங்கள் நாயின் ஈறு சாதாரணமாக என்ன நிறம் என்று தெரிந்திருந்தால்தான் மாறும்போது புரியும். ஈறே கறுப்பாக இருக்கும் நாய்க்குக் கீழ் இமையை இழுத்து உள்பக்கம் பாருங்கள்.

ஊசி போட்டதும் குறைந்தது அரை மணி நேரம், முன்பு ஒவ்வாமை வந்த நாயானால் இன்னும் அதிக நேரம், கிளினிக்கிலேயே இருங்கள். மிகக் கடுமையான எதிர்வினை பெரும்பாலும் முதல் ஒரு மணி நேரத்துக்குள் வரும். மனிதருக்கு மூச்சுத்திணறல் முந்தும், நாய்க்கு வயிறும் ஈரலும்தான் முதலில் அடிவாங்கும். திடீர் வாந்தி, பேதி, அதோடு ஈறு வெளுப்பு, கால் துவளுதல். வண்டியில் ஏறியதும் வாந்தி எடுத்தால் "வண்டி ஒத்துக்கொள்ளவில்லை" என்று நினைத்து வீட்டுக்கு ஓட்டுகிறார்கள். ஊசி நாளில் வாந்தி வந்தால் வண்டியைத் திருப்புங்கள், போகும் வழியிலேயே போன் செய்து சொல்லிவிடுங்கள். அங்கே கிடைக்க வேண்டியது எபிநெஃப்ரின் (அட்ரினலின்) ஊசி, அதைத் தள்ளிப்போட முடியாது.

முகம், உதடு, இமை வீக்கமும் உடம்பில் தடிப்பும் சில நிமிடத்திலும் வரும், பல மணி நேரம் கழித்தும் வரும். இவை பெரும்பாலும் மருந்துக்கு அடங்கிவிடும், ஆனால் வீக்கம் தொண்டைக்கு இறங்கவில்லை என்று ஒரு டாக்டர் பார்த்துச் சொல்ல வேண்டும். ஒவ்வாமை மாத்திரை வீட்டில் வைத்துக்கொள்வதானால், அந்த நாயின் எடைக்கு எத்தனை மில்லிகிராம் என்று முன்கூட்டியே எழுதி வாங்குங்கள். மூக்கடைப்பு மருந்து சேர்ந்த மாத்திரையும், சைலிட்டால் இனிப்பு சேர்த்த சிரப்பும் நாய்க்கு விஷம். வலிக்கிறதே என்று பாரசிட்டமாலோ ஐபுப்ரோஃபெனோ கொடுக்கவே கூடாது. ஒரு நாள், இரண்டு நாள் சோர்வு, லேசான காய்ச்சல், தொட்டால் வலி, பசிக்குறைவு ஆகியவை எதிர்பார்த்தவை. மூன்றாம் நாளும் தொடர்ந்தால் டாக்டரிடம் காட்டுங்கள்.

மூக்கில் விடும் போர்டெடெல்லா பற்றி ஒரு எச்சரிக்கை: அதைத் தவறுதலாகத் தோலுக்கடியில் ஊசியாகப் போட்டால் பெரிய சீழ்க்கட்டி வரும், ஈரல்கூட சேதமாகும். அவசரமான நாளில் இந்தத் தவறு நடந்திருக்கிறது, அதனால் சிரிஞ்சில் ஊசிமுனை மாட்டியிருக்கிறதா என்று ஒரு பார்வை பாருங்கள்.

ஒரு முறை ஒவ்வாமை வந்த நாய்க்கு அடுத்து என்ன? என்ன தயாரிப்பு, எந்த பேட்ச் எண், எத்தனை மணிக்குப் போட்டது, எத்தனை மணிக்கு என்ன ஆனது என்று எழுதி வைப்பது முதல் வேலை. குப்பியின் ஸ்டிக்கரைப் புத்தகத்தில் ஒட்டச் சொன்னால் பாதி எழுத்து மிச்சம். அடுத்த முறை டைட்டர் பார்த்துத் தேவையில்லாததை விடலாம், தேவையானதை வேறு நிறுவனத் தயாரிப்பாக, ஒரு நாளைக்கு ஒன்றாகப் போடலாம். முன்கூட்டியே ஒவ்வாமை மருந்து கொடுத்துப் போடுவதும் வழக்கம். தடிப்பையும் வீக்கத்தையும் அது குறைக்கும், உயிருக்கு ஆபத்தான அதிர்ச்சியைத் தடுக்கும் என்று நம்பக்கூடாது, காத்திருக்கும் நேரத்தையும் அதற்காகக் குறைக்கக்கூடாது. முகம் மட்டும் வீங்கிய நாயையும் சுருண்டு விழுந்த நாயையும் ஒரே மாதிரி நடத்த வேண்டியதில்லை. சுருண்டு விழுந்த நாய்க்கு ரேபிஸிலிருந்தே மருத்துவ விலக்கு தரும் சட்டம் சில இடங்களில் உண்டு. ரத்தச் சிவப்பணுக்களைத் தானே அழிக்கும் நோய் வந்து மீண்ட நாய்களுக்கும், அதிக அளவு ஸ்டீராய்டில் இருப்பவற்றுக்கும் தனியாக முடிவெடுக்க வேண்டும். வயது மட்டும் ஒரு தடையல்ல. பன்னிரண்டு வயதில் லெப்டோ வந்தால் பழைய சிறுநீரகம் தாங்காது.

தாமதமாக வரும் இரண்டு விஷயங்களை யாரும் ஊசியோடு சேர்த்துப் பார்ப்பதில்லை. குத்திய இடத்தில் பட்டாணி அளவு கட்டி வருவது சகஜம், சில வாரத்தில் கரையும். ஒரு மாதத்துக்குப் பிறகும் வளர்ந்தாலோ, மூன்று மாதத்துக்குப் பிறகும் இருந்தாலோ, இரண்டு சென்டிமீட்டரைத் தாண்டினாலோ ஊசி விட்டுப் பரிசோதிக்க வேண்டும். மற்றது பூடில், யார்க்‌ஷயர் டெரியர், மால்டீஸ் போன்ற மென்மையான முடி கொண்ட சின்ன நாய்களில் ரேபிஸ் ஊசிக்கு ஒன்றிலிருந்து சில மாதம் கழித்து வரும் வழுக்கை: காசு அளவு வட்டம், தோல் மெலிந்து பளபளக்கும், சில சமயம் கறுக்கும். குத்திய இடத்தின் நுண் ரத்தக்குழாய்கள் வீங்கி ரத்தம் ஓடாமல் போவதால் வருவது அது. பூஞ்சை என்று களிம்பு பூசிக்கொண்டே இருந்தால் ஆறாது. காது நுனியிலோ வால் நுனியிலோ பாதத் திண்டிலோ புண் வந்தால் அது பரவுகிறது என்று பொருள். ரேபிஸ் எந்தக் காலில், எந்தத் தேதியில் போட்டது என்று புத்தகத்தில் எழுதியிருந்தால் டாக்டர் அந்த வட்டத்தைப் பார்த்த மாத்திரத்தில் பிடித்துவிடுவார்.